ஒரே மாதிரிக் கழுத்து

பதினொன்றேகாலுக்கு நஷ்டஈட்டு விசாரணைக்கு உள்ளே கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சின்னத் தூண் என்று பேர் வாங்கியவன் சுவரோரப் பெஞ்சில் வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான். அப்படி அழுத்தி வைத்தால் விரல்களின் குறுகுறுப்பு கொஞ்சம் அடங்கும்.

பக்கத்தில் அக்கா. அவளை ஒட்டி அவள் புருஷன், பெரிய தூண், கழுத்துப் பட்டையோடு.

கட்டடங்களில் கூரைக்கு அடியில் ஜிப்சம் பலகை மாட்டுவது மச்சான், மாப்பிள்ளை இருவருக்கும் வேலை. சாரத்தில் ஏறி, பலகையை ஆளுக்கொரு முனையில் உச்சந்தலையால் முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். கை இரண்டும் காலியானதும் திருகாணி ஏற்றுவார்கள். பலகையைத் தூக்கிப் பிடிக்க ஒரு இயந்திரம் உண்டு. அதை எடுத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டதற்கு, வாடகை கேட்காத ரெண்டு தூண் இருக்கும்போது அது எதற்கு என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். இவர்களும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

போன மழைக்காலத்தில், ஈரம் குடித்துக் கனத்திருந்த பலகை ஒன்று பிய்த்துக்கொண்டு பெரிய தூணின் தலையில் இறங்கியது. அவர் அப்படியே சாரத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் வலது கையில் தண்ணீர் டம்ளர் நிற்பதில்லை. நஷ்டஈடு கேட்டார்கள். கம்பெனி மறுத்தது. எலும்பு தேய்ந்திருப்பது வயதால், பலகையால் அல்ல என்றது.

அதற்கு அத்தாட்சியாகக் கம்பெனி டாக்டர் கொண்டுவந்திருந்தது சின்னத் தூணின் கழுத்து எக்ஸ்ரே படம். எல்லாத் தொழிலாளிகளுக்கும் உடம்புப் பரிசோதனை என்று சொல்லி எடுத்தது. தலையில் எதுவும் விழாதவன், இரண்டு வயது இளையவன், அவனுக்கும் அதே தேய்மானம்.

வக்கீலம்மா வராந்தாவில் வைத்து அவனுக்கு விளக்கினாள். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்றாள். எலும்பு இருவருக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும். ஒருவன் சாரம் ஏறுகிறான், இன்னொருவரால் டம்ளர் பிடிக்க முடியவில்லை. நடுவில் இருக்கும் வித்தியாசம் அந்தப் பலகை மட்டும்தான்.

"உங்களுக்கு வலி இல்லைங்கிறதுதான் நம்ம கேஸே. வலி, மரத்துப்போறது, அந்த மாதிரி ஒண்ணும் கிடையாதே?"

"இல்லம்மா."

அக்கா அவன் முழங்காலைத் தட்டினாள். "அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான்."

கொஞ்ச நாளாகவே விடியும்போது படுக்கையில் அவன் பக்கத்தில் வேறு யாருடைய கையோ கிடந்தது. இடது கையால் தூக்கிப் பார்ப்பான். குளிர்ந்து, கனமாக, யாரோ மறந்து விட்டுப்போனதுபோல் இருக்கும். அதை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, தன்னுடையதாகும் வரை காத்திருப்பான். பொண்டாட்டியிடம் சொன்னதில்லை. சொன்னால் அக்காவுக்குப் போகும், அக்காவிடமிருந்து சாரத்துக்குப் போகும். கழுத்து போனவனைக் கம்பெனி மறுநாளே வாசலில் நிறுத்திவிடும்.

உள்ளே, விசாரணை அதிகாரியின் மேஜைக்குப் பக்கத்தில், விளக்குப் பலகையில் டாக்டர் இரண்டு படங்களை மாட்டினார். மெதுவாகப் பேசும் மனிதர். யாரையும் ஏமாற்றுகிறவராகத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் இரண்டு கழுத்துகள், முகமில்லாமல், ஒன்றையொன்று பார்த்து நின்றன. எது தன்னுடையது என்று சின்னத் தூணுக்குத் தெரியவில்லை. நாற்பது தாண்டினால் இப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். இந்த ஊழியர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று தெரியுமா என வக்கீலம்மா கேட்டாள். தன்னிடம் கேட்கப்பட்டது எலும்பைப் பற்றி மட்டும்தான் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். அடிபடாத இந்த ஆளுக்கும் அதே உபாதை இருந்தால் பலகைக்கும் உபாதைக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடும், டாக்டர் இங்கேயே சோதித்துப் பார்க்கலாமா என்றார். வக்கீலம்மா ஆட்சேபித்தாள். அதிகாரி சின்னத் தூணைப் பார்த்து, உனக்குச் சம்மதமா என்றார். அவன் தலையாட்டினான்.

நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"மேல பாருங்க. அப்படியே வலது பக்கமா சாய்ங்க."

மேலே ஜிப்சம் கூரை. வேறு யாரோ மாட்டியது. மூலையில் ஓர் இணைப்புச் சரியாகப் பூசப்படாமல் கோடாகத் தெரிந்தது. டாக்டர் உள்ளங்கையை அவன் உச்சந்தலையில் வைத்துக் கீழே அழுத்தினார். கழுத்திலிருந்து கம்பி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி இறக்கியதுபோல் தோள், முழங்கை, கட்டைவிரல் நுனிவரை வலி ஓடியது. அவன் அந்தக் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கைக்கு ஏதாவது இறங்குதா?"

"இல்ல சார்."

டாக்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"இப்ப?"

"ஒண்ணுமில்ல சார்."

டாக்டர் கையை எடுத்தார். ஒரு நிமிஷம் அவன் நெற்றியில் துளிர்த்திருந்த வியர்வையைப் பார்த்தார். பிறகு, உபாதை எதுவும் தெரிவிக்கவில்லை என்று அதிகாரியிடம் சொன்னார்.

கம்பெனி வக்கீல் அசரவில்லை. அப்படியென்றால், நாளைக்கு இவரும் நஷ்டஈடு கேட்டு வராமலிருக்க, இந்த ஊழியருக்குக் கழுத்திலோ கையிலோ இன்றுவரை எந்தக் குறையும் இல்லை என்று வாக்குமூலத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார். குமாஸ்தா தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போடும்போது பேனா நழுவியது. சின்னத் தூண் இடது கையை வலது கையின் மேல் வைத்து, இரண்டுமாகத் தள்ளி எழுதி முடித்தான். அதிகாரி அடுத்த வழக்கின் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா குரலைத் தாழ்த்தி, தராசு நம்ம பக்கம் சாய்ந்துவிட்டது என்றாள். உத்தரவு எப்படியும் சாதகமாகத்தான் வரும். அக்கா அழுதாள், பிறகு சிரித்தாள். தம்பியின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள்.

"எந்தம்பிதான் எங்க குடும்பத்தக் கரையேத்துனான். இவரு கூடப்பொறந்தவங்க ஒருத்தராச்சும் எட்டிப் பாத்தாங்களா?"

வீட்டுக்குப் போன் பண்ணிப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று அக்கா சத்தம் குறைவான இடம் தேடிப் படி இறங்கினாள். வெயிலில் மச்சானும் மாப்பிள்ளையும் சுவரோரமாக நின்றார்கள். நாளை நாலாவது மாடியில் வேலை, புதிதாக ஒரு ஆளை ஜோடி சேர்த்திருக்கிறார்கள் என்று சின்னத் தூண் சொன்னான். ஆள் கொஞ்சம் குட்டை, அதனால் பாரமெல்லாம் இந்தப் பக்கம்தான் சாயும் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான்.

பெரிய தூண் சிரிக்கவில்லை. அவனுடைய வலது கையை எடுத்துத் தன் இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கட்டைவிரலில் வந்து நின்றார்.

"உனக்கு எப்பலேர்ந்து மாப்ளே?"