ரோஜாவோடு போன கோரை

தையல்காரம்மா தன் வீட்டு மண்ணில் தோண்டி எடுத்துவந்த கிழங்கை நர்சரிக்காரர் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "கோரைம்மா இது. மேல பிடுங்கினா போகாது, மண்ணுக்குள்ள கிழங்கு கிழங்கா கோத்துக்கிட்டே போகும். இந்த மண்ணை வேற யாருக்கும் குடுத்துடலையே?" என்று கேட்டார். தையல்காரம்மா கொடுத்திருந்தாள். ஏழு மாதத்துக்கு முன், ஒரே மகள் வாழப்போன வீட்டுக்கு, தன் கையாலேயே மண் அள்ளிப் போட்டு ஒரு ரோஜாத் தொட்டி.

அதிலும் யார் வீட்டுக்கு? சம்பந்தியம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் ஒரு இலை கோணலாக வளர்ந்தாலும் காரணம் கேட்பவர் என்று பெயர். அப்படிப்பட்டவரின் பாத்திக்குள் கோரையை அனுப்பிவிட்டு, "உங்கம்மா குடுத்தனுப்பினது இதுதானா?" என்று மகள் பேச்சு வாங்கும்படி ஆகிவிட்டதே என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை. போனில் தோட்டத்தைப் பற்றி எப்போது கேட்டாலும் மகள் பேச்சை மாற்றியதற்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

மறுநாள் தைக்க வந்த துணியையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, பையில் களைக்கொத்தியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். மகள் ஆபீஸில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனாள். திட்டு வாங்குவதென்றால் தனியாக வாங்கிக்கொள்ளலாமே.

சம்பந்தியம்மா தோட்டத்தில்தான் இருந்தார். முக்காலியில் உட்கார்ந்து, ரோஜாவைச் சுற்றி ஒரு சாண் ஆழம் தோண்டி, நூல் மாதிரி ஓடும் வேர் அறுந்துவிடாமல் தொடர்ந்து போய்க் கிழங்கை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். தையல்காரம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சம்பந்தி, அது என் மண்ணுல வந்தது. எனக்கு சத்தியமா தெரியாது. திட்டணும்னா என்னைத் திட்டுங்க, பொண்ணை ஒண்ணும் சொல்லிடாதீங்க."

சம்பந்தியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தொட்டி மண்ணோட இங்க இறக்கி நட்ட ரெண்டாவது வாரமே தெரியும். ரோஜாவைச் சுத்தித்தானே மொதல்ல முளைச்சுது?"

"அவளுக்கு?"

"அவளுக்கு எனக்கு முன்னாடியே தெரியும். தினம் காலையில நான் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி பூனை மாதிரி வந்து பிடுங்குறா. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கிறேன். பாவம், அவசரத்துல கிழங்கு உள்ளயே நின்னுடுது. அவ ஆபீஸ் போனதும் மிச்சத்தை நான் எடுக்கிறேன்."

"ஏழு மாசமாவா! அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சம்பந்தி?"

"கேட்டா என்ன ஆகும்? ஒண்ணு, உங்களை விட்டுக்குடுத்துப் பேசணும். இல்ல, என்கிட்ட பொய் சொல்லணும். அந்தப் பொண்ணுக்கு ரெண்டும் எதுக்கு?"

 மகளைக் கொடுத்தது நல்ல இடம் என்று மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம் ஒப்புக்குத் தலையாட்டியவள் தையல்காரம்மா. இன்றைக்குத்தான் நம்பினாள். பெற்றவள் நான் கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. "நீங்க நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஊசியும் நூலுமாகவே காலம் கழித்தவளுக்கு அந்த வேரெல்லாம் ஒரு பொருட்டா? அறாமல் கிழங்கு கிழங்காக வந்தது. ஒரு மணி நேரத்தில் ரோஜாவைச் சுற்றிச் சுத்தமாகிவிட்டது. கடைசி மூன்று முளைகளுக்குக் கையை நீட்டியபோது சம்பந்தியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதை விட்டுடுங்க. காலையில ஒண்ணுமே இல்லன்னா அவ கண்டுபிடிச்சிடுவா."