ஏறுகிறவர்களுக்கு வழி

வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு விமானங்கள் வரும் நாள்.

மற்ற நாட்களிலும் வரும்தான். ஆனால் வெள்ளிக்கிழமை கட்டாரில் லீவு. லீவு நாளில் அறைக்குள் அடைந்து கிடக்கும் பையன்கள் கம்ப்யூட்டரைத் திறந்து விமானம் ஓட்டுவார்கள் என்பது என் கணக்கு. அதனால், எஸ்டேட் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கடைசிப் பிள்ளையையும் தாய்க்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, கொட்டகலைக் கடைவீதிப் பக்கம்கூடப் போகாமல் நேரே லயத்து வீட்டுக்கு வந்துவிடுவேன். முகத்தைக் கழுவி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நான்தான் கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம்.

சிரிக்க வேண்டாம். விளையாட்டுதான், ஆனால் சும்மா விளையாட்டு இல்லை. உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான பேர் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு வழி சொல்ல என்னைப் போல சிலர் இருக்கிறோம். எல்லோரும் சேர்ந்து ஒரு சங்கம். சம்பளம் கிடையாது. பரீட்சை உண்டு. நிஜக் கோபுரத்தில் எப்படிப் பேசுவார்களோ அப்படியேதான் பேச வேண்டும். "சங்கம்னு சொல்றியே, தலைவரு யாரு?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குத் தெரிந்த சங்கம் தோட்டத் தொழிற்சங்கம்தான்.

கொழும்புக்கு வருகிற எந்த விமானமும், நான் உட்கார்ந்திருக்கும்போது, என்னிடம் பேசித்தான் இறங்க வேண்டும். இதில் சேர்ந்ததே அதற்காகத்தான்.

என் தம்பி சுமன் இந்தச் சங்கத்தில் இருந்தவன். கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது பழைய கம்ப்யூட்டரையும் ஹெட்செட்டையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். போன வருஷம் அப்பா செத்தபோது அவனுக்கு லீவு கொடுக்கவில்லை. "அப்பனுக்கு மண்ணு போட வராதவன் இனிமே எதுக்குடா வர்ற?" என்று பெரியப்பா வீரய்யா போனில் கத்தினார். நான் போனை வாங்குவதற்குள் அவன் வைத்துவிட்டான். அன்றோடு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. தான் பேசிய பேச்சே இப்போது பெரியப்பாவுக்கு ஞாபகம் இல்லை. "பய போன் பண்றானா?" என்று எங்களிடமே கேட்கிறார். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை.

அவனோடு வேலை செய்த நிரோஷன் ஒரு தடவை, "நல்லாத்தான் இருக்கான்க்கா, வேற கம்பெனிக்குப் போயிட்டான்" என்றான். அவ்வளவுதான் தகவல். சங்கத்தில் பெயர் போடாமல் வெறும் இலக்கத்தோடு பறக்கலாம் என்பதால் அங்கேயும் தேட முடியாது. அவன் வரக்கூடிய வழியில் போய் உட்காரத்தான் முடியும்.

எனக்குப் பயிற்சி கொடுத்த மதுரன் யாழ்ப்பாணத்தில் கம்பஸ் படிக்கிற பையன். இத்தனை பிள்ளைகளுக்குச் சோறூட்டித் தூங்கவைக்கிற எனக்கு நாலு விமானம் எம்மாத்திரம் என்ற நினைப்போடு பரீட்சைக்குப் போனேன். ஒரு விமானம் இறங்க வந்தது. இன்னொன்று ஏறக் காத்திருந்தது. நான் இறங்குகிறதைச் சுற்றி வரச் சொல்லிவிட்டு, ஏறுகிறதை அனுப்பினேன்.

"என்னக்கா செய்யிறியள்? இறங்கிறதுக்குத்தான் முதலிடம். அது வானத்திலை பிரேக் போட்டு நிக்க ஏலாதெல்லோ?"

"எங்க ஊர்ல ஏறுறவங்களுக்குத்தான் தம்பி வழி விடுவோம். இறங்குறவங்கதான் ஒதுங்கி நிக்கணும்."

"அது எந்தச் சட்டம்?"

கொழுந்து லொறிச் சட்டம். அப்பா சிவசாமி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டியவர். பாரத்தோடு ஏறுகிற வண்டியை வளைவில் நிறுத்தினால் திரும்பக் கிளம்புவது பெரும்பாடு, பின்னால் உருளும். சின்ன வயதில் நானும் சுமனும் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். எதிரே ஒரு வண்டி ஏறுகிற சத்தம் பனிக்குள் கேட்டதுமே அப்பா ஓரம் கட்டிவிடுவார். "ஏறுறவங்க போகட்டும். நமக்கென்ன, ஒரு நிமிசம் நின்னுட்டுப் போவோம்." இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். மதுரனுக்கு இதையெல்லாம் எப்படி விளக்குவது? அந்தப் பரீட்சையில் ஃபெயில். அடுத்ததில்தான் பாஸானேன்.

அவன் சொல்லித் தந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. நான் என்ன சொன்னாலும் விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும்வரை நான் சொன்னது கணக்கில் சேராது. முழுசாகச் சொல்லாவிட்டால் விட்டதையும் கேட்டு வாங்க வேண்டும். இந்த வீட்டில் என் பேச்சுக்கு அப்படியொரு மரியாதை எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை.

அந்திநேரம் வாசல் வழியாகப் பனி உள்ளே வந்து அடுப்படி வரைக்கும் போகும். எதிர் லயம் இருக்காது, கோயில் இருக்காது, தேயிலை இருக்காது. திரையில் மட்டும் கடல் இருக்கும். நிஜக் கடலை நான் பார்த்தது ஒரே தடவை, ஸ்கூல் டிரிப்பில். அந்த நீலத்தின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள் ஊர்ந்து வரும். யாரோ மலேசியாவில், யாரோ ஜெர்மனியில், அவரவர் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் எங்கள் வீட்டுப் பனிக்குள்தான் பறக்கிறார்கள் என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் என் நாற்காலியும் தரையை விட்டுக் கிளம்பிவிடும். நானும் அம்மாவும் அவள் உலைப்பானையும், வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் காம்பராக்களும், மொத்த லயமுமே சத்தமில்லாமல் மலையை விட்டு நகர்ந்து கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். ஹெட்செட்டில் யாராவது கூப்பிடும்வரை நான் அப்படியே போய்க்கொண்டிருப்பேன்.

கட்டாரிலிருந்து வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக் கேட்பேன். ஒருத்தர் பிலிப்பைன்ஸ்காரராக இருப்பார், இன்னொருத்தர் மலையாளியாக இருப்பார்.

"இன்னைக்கு யாரு யாரு வந்தாங்க?" என்பாள் அம்மா, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை விசாரிப்பது போல.

"மூணு பேரு."

"அவன்?"

"இல்லம்மா."

அம்மா அடுப்பை ஊதப் போய்விடுவாள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு போலந்துக்காரர் சென்னைக்குக் கிளம்ப ஓடுபாதை முனையில் காத்திருந்தார். மாலைதீவிலிருந்து ஒரு சின்ன விமானம் நீர்கொழும்புக் களப்புத் தண்ணீரின் மேலாக இறங்கி வந்தது. பெயர் இல்லை, இலக்கம் மட்டும். கரகரத்த லைனில் இங்கிலீஷ். இங்கிலீஷில் எல்லா ஆம்பளைக் குரலும் எனக்கு ஒன்றுதான். கட்டாரும் இல்லை என்பதால் நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. போலந்துக்காரரைப் பொறுக்கச் சொன்னேன். வருகிறவரை இறங்கச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். எல்லாம் சட்டப்படி நடந்தது.

பாதையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அப்போது அந்தக் குரல் இங்கிலீஷிலேயே சொன்னது:

"கீழே ஒருவர் ஏறக் காத்திருக்கிறார். அவர் முதலில் போகட்டும். நான் சுற்றி வருகிறேன்."

புள்ளி மறுபடி மேலே எழும்பியது.

"எனக்காகவா?" என்று போலந்துக்காரர் குழம்பிப்போய்க் கேட்டார். அவர் குழம்பியதில் தப்பில்லை. இறங்க வழி கிடைத்த பிறகு எந்த விமானியும் இப்படிச் செய்ய மாட்டான். கொழுந்து லொறியில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு வளர்ந்தவன் மட்டும்தான் செய்வான்.

போலந்துக்காரரை எப்படி அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. என் முகத்தைப் பார்த்து அம்மா ஊதுகுழலும் கையுமாகப் பின்னால் வந்து நின்றாள்.

பொது லைனில் இங்கிலீஷ் தவிர வேறு பேசக்கூடாது. மதுரன் எங்கேயாவது இருந்து கேட்டுக்கொண்டிருப்பான். கேட்கட்டும். பட்டனை அழுத்தினேன்.

"ஏறுறவங்க போயிட்டாங்க, சுமன். பாதை காலியா இருக்கு. யாரும் ஒன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எறங்கி வா."

பட்டனை விட்டேன்.

புள்ளி களப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. அவனாக இல்லாமல் போனால் என்ற பயம் ஒரு பக்கம். அவனாகவே இருந்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய்விட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "அக்கா, என்ன நடக்குது?" என்று மதுரன் தனியாக மெசேஜ் போட்டான். நான் அதைத் தொடவில்லை. புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது.

காதில் கரகரப்பு. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"பாதை காலியா இருக்கு" என்றது குரல், ஒவ்வொரு வார்த்தையாக. "யாரும்... யாரும் என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அங்கே நின்றுவிட்டது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. நான் பட்டனைத் தொடாமல் காத்திருந்தேன்.

"எறங்கி வர்றேன்க்கா."