பாடையை அதட்டிய ஏட்டு

நோயில் பிழைத்தவரைப் பிணம்போலப் பாடையில் கிடத்தி, மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கிவருவது வலங்கைமான் வேண்டுதல். அந்தப் பங்குனியில் கொரோனாவுக்காகத் திருவிழாவையே நிறுத்தியிருந்தார்கள். வெயிலில் தடுப்பருகே நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்த ஏட்டு காயாரோகணம், பறைச்சத்தம்கூட இல்லாமல் நாலே பேர் தூக்கிவந்த பாடையைப் பார்த்ததும் கொதித்துப்போனார்.

"திருட்டுத்தனமா வேண்டுதலா? ஊரையே சாகடிக்கப் போறீங்களா? யோவ், எந்திரிய்யா!"

லத்தியால் பாடை மூங்கிலில் ஓங்கி அடித்தார். கிடந்தவர் அசையவில்லை.

"நெசமாவே செத்துட்டாருங்க," என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

மூக்கில் வைத்திருந்த பஞ்சு அப்போதுதான் ஏட்டின் கண்ணில் பட்டது. லத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பாடைக்குப் பின்னால் நடந்துவந்த ராசம்மாள், செத்தவரின் மனைவி, ஏட்டருகே வந்து கைகூப்பினாள்.

"நாங்க கூப்பிட்டு எந்திரிக்கலைங்க. போலீசுன்னா அவருக்குப் பயம். இன்னொரு தடவை அதட்டுங்க சார்."