அக்கா போட்ட கோடு

மூளைக்கு எல்லைக் கோடு போடுவதும் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்கு அக்கா பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். வேலைதான். பதினாறு வருஷமாக அதில்தான் சோறு. ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்ட அறையில், ஸ்கேன் படங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நினைவுகளைச் சேர்த்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும் அது. கம்ப்யூட்டரே ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் கம்ப்யூட்டருக்கு அவசரம் அதிகம், பொறுப்பு குறைவு, பக்கத்து வீட்டுச் சுவரையும் சேர்த்து வளைத்துப் போட்டுவிடும் என்பது அக்காவின் கருத்து. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருத்துவதுதான் இவள் பாடு.

அங்கே எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட எட்டு வயது மூத்த பெரிய டாக்டர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட நிஜமாகவே பாத்தியதை உள்ளவன் உலகத்தில் ஒருவன், தம்பி வாண்டு. ஐம்பத்து மூன்று வயது, வழுக்கை, தொந்தி, கல்லூரி முடித்த ஒரு பெண்ணுக்கு அப்பன். இருந்தும் வீட்டில் பேர் வாண்டு. லிஃப்ட் மெக்கானிக். "மேல போறதும் கீழ வர்றதும்தான் என் பிழைப்பு, முன்னேற்றம்னு ஒண்ணு கிடையாது" என்று தன்னையே கிண்டலடித்துக்கொள்கிறவன்.

அவர்களுடைய அப்பாவுக்கு அறுபத்தோரு வயதில் அல்சைமர் என்ற மறதி நோய் வந்தது. பன்னிரண்டு வருஷம் இழுத்தது. கடைசி மூன்று வருஷம் வாண்டுவின் வீட்டில்தான் இருந்தார். குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் அவன் கைதான். 'யாருப்பா நீ, ரொம்ப நல்ல பையனா இருக்கியே' என்று அப்பா கேட்டதை அவன் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னான். சொல்லிவிட்டு, அக்கா வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினான்.

ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்த ஆய்வும் அந்த நோயைப் பற்றியதுதான். பெற்றோரில் ஒருவருக்கு அது வந்திருந்து, தங்களுக்கு இன்னும் ஒரு குறையும் தெரியாத ஆட்களைச் சேர்ப்பார்கள். ரத்தத்தில் மரபணு பார்த்து, இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு ஸ்கேன் எடுப்பார்கள். ஒரு மரபணுவின் நான்காம் வகை உள்ளவர்களுக்கு மூளை சீக்கிரம் சுருங்குகிறதா என்பது கேள்வி. கூடத்தில் அதற்கு 'நாலு' என்று பேர். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் ஒற்றை நாலு, இருவரிடமிருந்தும் வந்தால் இரட்டை நாலு. நாலு இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை, இல்லாவிட்டால் வராது என்றும் இல்லை. ஆபத்து கூடுகிறது, அவ்வளவுதான். இதை ஒரு மனிதனுக்கு எப்படிச் சொல்வது? கேட்கிறவன் காதில் வரும் அல்லது வராது, இரண்டில் ஒன்றுதான் விழும்.

அதனால் சேரும்போது நிரப்பும் பாரத்திலேயே கேட்டுவிடுவார்கள், முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று. வேண்டாம் என்றவரிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. கோடு போடுகிறவர்களுக்கும் எதுவும் தெரியக் கூடாது. படத்தில் எண் மட்டும் இருக்கும், முகத்தை அழித்திருப்பார்கள், இரண்டு படத்தில் எது முந்தியது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர் படம் என்று பட்டால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விதியை வகுப்பெடுத்துச் சொல்வதே அக்காதான்.

வாண்டு அந்த ஆய்வில், இன்னொரு ஊர்க் கிளையில் போய்ச் சேர்ந்தது அவளுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வேண்டாம்ப."

"முடிவு தெரியணும்னு எழுதினியா?"

"ஐயோ, ஆளை விடு. மருந்துச் சோதனைக்குக் கூப்பிட்டா வரேன்னு எழுதியிருக்கேன். கையில மருந்தோட வந்து சொல்லட்டும், கேட்டுக்கறேன். வெறுங்கையோட வந்து சொல்ல வேண்டாம். நீ ஆபீஸ்ல வாய் விட்டுடாதே. சிபாரிசுல நுழைஞ்சான்னு பேர் வரும்."

அவளும் வாய் விடவில்லை. எல்லாக் கிளைப் படங்களும் இங்கேதான் வரும் என்றாலும், ஆயிரத்துச் சொச்சம் பேரில் இவன் படம் தன் மேஜைக்கா வந்து சேரப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

வந்து சேர்ந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் காப்பிக்கு முன்னால். முகத்தை அழித்தவர்கள் மண்டையோட்டை அழிக்கவில்லை. இடது காதுக்கு மேல் எலும்பு உள்பக்கமாகச் சற்றே மடிந்திருந்தது. ஒன்பது வயதில் அவன் சைக்கிள் பழகியபோது பின்னால் பிடித்திருந்த கையை விட்டவள் அவள்தான். அவன் விழுந்து மண்டையில் அடிபட்டபோது எடுத்த எக்ஸ்ரே வருஷக்கணக்கில் வீட்டு அலமாரியில் கிடந்து அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. பற்களுக்குப் பின்னால் அவன் கட்டியிருந்த கம்பி ஸ்கேனில் கறுப்பாக ஓட்டை போட்டிருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அப்போதே எழுந்து திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை, அதுதான் உண்மை. இரண்டு படத்துக்கும் இருந்த வித்தியாசம் பதினாறு வருஷம் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். ஒன்றில் அந்தச் சுண்டுவிரல் நிறைவாக இருந்தது. மற்றதில் வற்றத் தொடங்கியிருந்தது. எது பிந்தியது என்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிந்திய படத்தில் அக்கா கோட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளிப் போட்டாள். ஒரு புள்ளி, சில இடங்களில் இரண்டு புள்ளி. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, அங்கே எல்லை மங்கலாகத்தான் இருந்தது. வருஷத்துக்கு மூன்றரை சதவீதச் சுருக்கம் என்று வந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்றரையில் நின்றது. கோட்டை நகர்த்தினால் அவன் மூளை ஒரு கடுகளவும் கூடிவிடாது என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த ஒன்றரையைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அப்படியே அனுப்பிவிட்டாள்.

ஆறு வாரம் கழித்துப் பெரிய டாக்டர் எல்லாரையும் கூட்டி நல்ல செய்தி சொன்னார். மறதி தொடங்கும் முன்பே கொடுத்துப் பார்க்கிற புது மருந்து ஒன்று சோதனைக்கு வந்திருக்கிறது. நம் ஆய்விலிருந்தே நாற்பது பேர். நாலு இருக்க வேண்டும், வருஷச் சுருக்கம் மூன்று சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தேர்வு முடிந்தது, கடிதங்கள் போயாயிற்று, முதல் ஊசியும் போட்டாயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள், கை தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் படத்தை இன்னொருவரிடம் கொடுத்துப் புதிதாக அளக்கச் சொன்னார். மறுநாள் மாலை கூப்பிட்டார்.

"மூணு புள்ளி ஆறு" என்றார்.

"நாலு இருக்கா, டாக்டர்?"

"அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை அக்கா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அளவு மட்டும் சரியா வந்திருந்தா ஒரு இடம் கிடைச்சிருக்கும்."

சொல்ல உரிமை இல்லாததை அவர் சொல்லிவிட்டது அவருக்கே பிறகுதான் உறைத்தது.

"இப்ப சேர்க்க முடியாதா? என்னை வேலையை விட்டு எடுத்துடுங்க. அவனை மட்டும்..."

"நாற்பது பேர் முடிஞ்சு போச்சு. நடுவுல ஆளை மாத்த முடியாது. நீங்க தலைகீழா நின்னாலும் முடியாது, நான் நின்னாலும் முடியாது. அடுத்த சோதனை எப்பன்னு எனக்கே தெரியாது." கொஞ்சம் தணிந்தார். "இந்த மருந்து வேலை செய்யுமான்னும் யாருக்கும் தெரியாது. அதை நினைச்சு மனசைத் தேத்திக்குங்க."

நல்ல ஆறுதல்! வேலை செய்யாமல் போகட்டும் என்று நாற்பது பேருக்கு எதிராகவா வேண்டிக்கொள்வது?

"நான் மேல எழுதியாகணும். நாளையிலேர்ந்து நீங்க படத்தைத் தொட வேண்டாம். தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர் வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்கார். மாத்தணும்னா அவரே வந்து கேக்கணும்."

அவரே வந்து கேட்கணும். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா ஞாயிற்றுக்கிழமை வரை உயிரோடு இருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் வாண்டு கேக் பெட்டியும் கையுமாக வந்தான். வாசலிலேயே ஒரு கடிதத்தை ஆட்டினான்.

"அக்கா, நான் ஃபெயில்!"

இம்முறை மருந்துச் சோதனைக்குத் தாங்கள் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று அதில் இருந்தது.

"மருந்து தேவைப்படறவனைத்தானே எடுப்பாங்க? என்னை எடுக்கலை. கேக்காமலே பதில் வந்துடுச்சு பாரு. ரெண்டு வருஷமா சாவியை எங்கயாவது வெச்சுட்டுத் தேடினா அன்னிக்குத் தூக்கம் போயிடும். நேத்து படுத்தேன், காலைல எட்டு மணிக்குத்தான் எழுந்தேன்."

"வாண்டு, அந்தக் கடிதத்துக்கு அப்படி மட்டும்தான் அர்த்தம்னு இல்லைடா. நேரா முடிவையே கேட்டுடலாமே. ஒரு பாரம்தான். நானே எழுதித் தரேன், நீ கையெழுத்து மட்டும் போடு."

"எதுக்கு? அதான் தெரிஞ்சு போச்சே."

"எனக்காகடா."

"உனக்கு எப்பவும் ஒரு படி அதிகமாவே பயம்" என்று சிரித்தான். கேக்கைப் பெரிய பெரிய துண்டாக வெட்டினான். புது மருத்துவமனை ஒன்றின் பன்னிரண்டு லிஃப்டுக்கும் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றாம், இத்தனை நாள் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. சொல்லிக்கொண்டே போனில் மகளைக் கூப்பிட்டான்.

"இவ ஒருத்தி, நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. அப்பா சும்மா சொல்றீங்கன்னு அழறா. நீ சொல்லு, நீ அங்கயே வேலை பார்க்கறவ." போனை அக்காவின் காதில் வைத்தே விட்டான்.

"அத்தை" என்றது அந்தக் குரல். "அப்பாவுக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லையா? அப்ப எனக்கும் பயமில்லைதானே?"

வாண்டு எதிரே உட்கார்ந்து, ஒரு துண்டு கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயமில்லைம்மா" என்றாள் அக்கா.