மடக்கிக் கட்டிய ரப்பர்

விழுப்புரத்தில் சீனுவாசனின் வண்டி சாமான் கடைக்குள் தென்னரசு நுழைந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவனுக்கு வேண்டியது தன் பிக்கப் வண்டிக்கு மட் பிளாப், சக்கரத்துக்குப் பின்னால் தொங்குமே, அந்த ரப்பர் பட்டை. பெண் பார்க்க வந்தவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான். எடுத்தான், வளைத்தான், வைத்தான். வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடி அதையே எடுத்தான்.

"முன்சக்கரத்துக்கு இந்த பிளாஸ்டிக்க போடுப்பா," என்றார் சீனுவாசன். "கல்லு தெறிச்சி டோர்ல பெயின்ட் போவாது. எல்லாரும் இதத்தான் வாங்கிக்கினு போறாங்க."

"முன்னாடி வேணாங்க. பின்னாடிக்கு குடுங்க."

"பின்னாடி கல்லு அடிச்சா உன் வண்டிக்கு என்னா ஆவப்போவுது? பின்னால வர்றவனுக்குத்தான் ஆவும்."

"நான் எவன் மேலயும் அடிக்கலீங்க."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தென்னரசு கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

ஐந்து நாளைக்கு முன் பனமலைப் பக்கம் ஒரு நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றினான். நிலத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இந்த ரப்பர் வரப்பில் மாட்டி, சக்கரத்துக்கு அடியில் போய்க் கிழிந்துவிடும். அதனால் இந்தப் பக்கத்து டிரைவர்கள் அதை மேலே மடக்கிக் கம்பியால் கட்டிவிடுவார்கள். தார் ரோடு ஏறியதும் அவிழ்த்துவிட வேண்டும். தென்னரசு கட்டினான், அவிழ்க்கவில்லை. திண்டிவனம் மார்க்கெட்டில் ஏலம் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்ற பறப்பு. கூட்டேரிப்பட்டை நெருங்கும்போது, சாலையில் சிந்திக் கிடந்த ஜல்லியில் பின்சக்கரம் ஏறி, கல் பின்னால் தெறித்தது. கண்ணாடியில் பார்த்தான். பின்னால் பைக்கில் வந்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தார். தென்னரசின் கால் பிரேக்குக்குப் போனது, பிறகு ஆக்சிலரேட்டருக்கே வந்துவிட்டது. நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. அந்த ஆளுக்குக் கண் இருக்கிறதா, போய்விட்டதா? அது ஒன்றுதான் தெரிய வேண்டும். தெரிந்துவிடுமோ என்பதுதான் பயமும்.

"மடக்கிக் கட்ட முடியாததா ஒண்ணு குடுங்க," என்றான்.

சீனுவாசன் அவனை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய், கல் உடைக்கும் கிரஷரில் ஜல்லி ஏற்றும் பழைய பெல்ட்டில் வெட்டிய இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொன்றும் விரல் தடிமன். "இத எவனாலயும் மடக்க முடியாது. நெலத்துல ரிவர்ஸ் எடுத்தா வரப்பு ஒடையும், இது கிழியாது."

மாட்டி முடித்தால் மனசு அடங்கும் என்று நினைத்தான். அடங்கினால்தானே! வண்டி வீட்டுப் பக்கம் திரும்பாமல் கூட்டேரிப்பட்டுக்குப் போயிற்று.

ஜங்ஷனில் வீரம்மாளின் டீக்கடை. டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். "இங்க பைக்ல வந்த ஒருத்தர் மேல கல்லு அடிச்சிடிச்சாமே, அவருக்கு என்னா ஆச்சி?"

"அவரயே கேளு," என்று வீரம்மாள் பெஞ்சைக் காட்டினாள்.

ஐம்பது வயது இருக்கும். பெயர் பெரியதம்பி, பக்கத்து ஊரில் பயிர் வைப்பவர். இடது புருவத்தில் பெரிய கட்டு. கட்டுக்குக் கீழே கண் வீங்கிச் சிவந்திருந்தது, ஆனால் இவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தென்னரசுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கண்ணு தப்பிச்சிடிச்சிப்பா," என்றார் பெரியதம்பி. "பாவம், டிப்பர் லாரி டிரைவருக்குத்தான் பேஜாரு. மணிமாறன்னு மயிலத்து ஆளு. எனக்குப் பின்னால வந்தவன், ஜல்தியா எறங்கி ஓடியாந்து என்ன தூக்கனான். அதுக்குள்ள ஜனம் கூடிடிச்சி. டிப்பர்காரன்தான் கல்லு கொட்டிக்கினு போறவன்னு போட்டு அடிச்சிட்டாங்க. முன்னால போன பிக்கப்புன்னு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவனுக்கு ரெண்டு பல்லு போயிடிச்சி. இப்பவும் பாதிப் பேரு அவன்தான்னு சொல்லிக்கினு கீறாங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நின்றவன் அடி வாங்கினான், ஓடியவன் இங்கே டீ குடிக்கிறான்.

"அந்தப் பிக்கப்பு என்னுதுங்க," என்றான் தென்னரசு. கம்பி கட்டியது, அவிழ்க்க மறந்தது, கண்ணாடியில் பார்த்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வீரம்மாள் வடிகட்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

பெரியதம்பி எழுந்து போய் வண்டியின் பின்னால் குனிந்தார். புது ரப்பரை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

"எங்க நெலத்துக்கு வர்ற வண்டியும் கட்டிக்கினுதான் வரும். மறக்கறது மனுசனுக்கு உள்ளதுதான்," என்றார். "நிக்காம போன பாரு, அதுக்கு எந்தக் கடையில ரப்பர் வாங்குவ?"

ஐந்து நாளாகத் தென்னரசை ஓட ஓட விரட்டியது அந்தக் கேள்விதான். அவன் போய் வண்டியின் இடதுபக்கக் கதவைத் திறந்தான்.

"மணிமாறன் வீட்ட காட்டறீங்களா? அவரு காலுல விழணும். அப்புறம் இங்கயே வந்து, அடிச்சவங்க எதிர்ல நான்தான்னு சொல்லணும்."

பெரியதம்பி கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

"மெதுவா போ," என்றார். "பின்னால ஆளுங்க வர்றாங்க."