மாவு மூட்டைக்குப் பின்னால்

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு யாரும் அழ வருவதில்லை, பேச வருகிறார்கள். அதுவும் மைக் பிடித்துக்கொண்டு. கிழவர் இதை எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டே, தம்பியின் சவப்பெட்டி மேல் விரித்திருந்த கொடியை உருவி மடித்தார்.

"பெரியப்பா, விடுங்க. எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் தம்பி மகள்.

"பாக்கட்டும். உங்கப்பன் சண்டைக்கே போகல."

முன்னாள் படைவீரர் சங்கத்தார் அப்போதுதான் பேசி முடித்திருந்தார்கள். அடிபட்ட சிப்பாயை முதுகில் சுமந்து, குண்டு மழையில் ஆற்றைக் கடந்த வீரனாம். உண்மையில், கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போன முகாமிலிருந்து, யாரையும் சுட மாட்டேன் என்று துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடி வந்தவன் அவன். சண்டை ஓயும்வரை கிழவரின் ரொட்டிக் கடையில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தான். இருமல் வந்தால் மூட்டையில் வாயைப் புதைத்துக்கொள்வான். பட்டாளத்தார் தேடி வந்தபோது கிழவர் முன்னாலிருந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து அவர்களுக்கு ரொட்டி விற்றார். பிறகு, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று ஊர் கேட்டது. தம்பி ஆற்றுக் கதையை எடுத்துவிட்டான். வருஷத்துக்கு வருஷம் ஆறு அகலமானது.

"சுட மாட்டேன்னு வந்தான் பாருங்க, அதுக்குத்தான் நெஞ்சு வேணும். பேசுறதுன்னா அதைப் பேசுங்க."

சங்கத் தலைவர் தரையைப் பார்த்தார். கைத்தடியோடு ஒருவர் எழுந்து வந்தார்.

"ஐயா, அவர் சுமந்தது என்னைத்தான்."

"நீயும் அவன் கதையைக் கேட்டுக் கேட்டு நம்பிட்ட. அவனுக்குத் தண்ணின்னாலே நடுக்கம். குளிக்க வைக்கவே கெஞ்சணும்."

"இருக்கலாம். இருட்டுல முகம் தெரியல. முதுகுல புளிச்ச மாவு வாசம் அடிச்சுது. பட்டாளத்துல யார் மேலயும் அந்த வாசம் வராது."

கடைக்குப் பின்புறம் கூப்பிடு தூரத்தில்தான் ஆறு. ஒளிந்திருந்த காலத்தில் ஒருநாள், விடியுமுன் அடுப்பு மூட்டும் நேரத்தில், தம்பி சொட்டச் சொட்ட வந்து நின்றது கிழவருக்கு ஞாபகம் வந்தது. சாக்கடையில் விழுந்துவிட்டேன் என்றான். எவன் உன்னை வெளியே போகச் சொன்னான் என்று வலது கையால் கன்னத்தில் ஒன்று வைத்தார். அவன் மாவு பிசைய உட்கார்ந்தான்.

கிழவர் கொடியைத் தலைவர் கையில் திணித்தார்.

"சுமந்திருந்தாலும் இது வேண்டாம்."

படியிறங்கித் தெருவில் நடந்தார். "சாக்கடைதான்," என்று முணுமுணுத்தார். வலது கையைச் சட்டையில் துடைத்தார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் துடைத்தார்.