உலர்பூ மாலை

பிரான்ஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ராஜலட்சுமியின் கை படாத மாலையைப் போட்டுக்கொண்டு கல்யாணம் கட்டியவர்கள் அதிகம் இல்லை என்பது ராஜலட்சுமியின் கணிப்பு. கணிப்பில் கொஞ்சம் கைச்சரக்கும் இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை காலைகளில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் அவளுடைய பூக்கடைக்கு முன்னால் குறுக்கும் மறுக்குமாக நிற்கும் கார்களைப் பார்த்தவர்கள் யாரும் மறுத்துப் பேசியதில்லை. மல்லிகையும் கனகாம்பரமும் அவளுக்கு விமானத்தில் வரும். மணவறைச் சோடனை, மாலை, பூச்சடை எல்லாம் அவள் பொறுப்பு.

அப்படிப்பட்டவளின் ஒரே மகள் யாமினி, 2017 ஐப்பசியில் நடக்கவிருந்த தன் கல்யாணத்துக்கு விமானத்தில் வந்த பூ ஒன்றுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிரான்ஸ் மண்ணில் விளைந்த பூ, அதுவும் கோடையிலேயே பறித்து உலர்த்திவைத்த பூ போதுமாம். பூமி சூடாகிறது, விமானம் புகை கக்குகிறது என்று பிரெஞ்சில் நீளமாக விளக்கினாள். மாப்பிள்ளை நிதிஷ் கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். "எனக்கு ஓகே ஆன்ட்டி" என்றான். அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான்.

ராஜலட்சுமி விளக்கத்தைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"உது பூவே? உது வைக்கோல். செத்தவீட்டுக்குக்கூட நான் பச்சைப் பூத்தான் குடுக்கிறன்."

யாமினியும் சளைத்தவள் இல்லை. தாய் மாலையில் வைக்க விரும்பிய செவ்வந்தியைப் பிடித்துக்கொண்டாள். ஐப்பசி நடுவில் இந்த நாட்டுக்காரர் செவ்வந்தியை வாங்கி எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டாள். கல்லறைக்கு. தன்னோடு வேலை செய்பவர்கள் மண்டபத்துக்குள் காலடி வைத்ததும் யார் செத்தது என்றுதான் தேடுவார்கள் என்றாள். இப்படியாக ஒரு கல்யாணத்துக்கான பூக்கள் இரண்டு பக்கத்தாலும் இழவுப் பூக்களாகிப்போனதால், மார்க்ஸ் டோர்மோயிலிருந்த அவர்கள் வீட்டில் சில நாட்கள் யாரும் பேச்சை எடுக்கவில்லை.

யாமினியின் அப்பா நல்லசிவத்துக்கு இதில் கருத்து எதுவும் இல்லை. கடையின் வேனை ஓட்டுவது அவர் வேலை. கருத்துச் சொன்ன நாட்களில் அவருக்குச் சோறு பிந்தியிருக்கிறது.

உண்மையில் ராஜலட்சுமியை நோகடித்தது வைக்கோல் அல்ல. சோடனைக்கு வேறு ஆளைப் பிடித்தாயிற்று, தலையலங்காரத்துக்கும் ஒருத்தி வருகிறாள், அம்மா இந்தமுறை வேலை எதுவும் செய்யாமல் மணப்பெண்ணின் தாயாக உடுத்துக்கொண்டு இருந்தால் போதும் என்று யாமினி சொன்னதுதான். நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். ஊரார் பெண்களுக்கெல்லாம் மாலை கட்டிய கையை, பெற்ற மகளின் கல்யாணத்தில் மட்டும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பதை ராஜலட்சுமியால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. குசினியில் வெங்காயம் வெட்டும்போது அழுதாள். வெங்காயம்தான் காரணம் என்று எல்லோரும் நம்பியதால் பிரச்சினை எழவில்லை.

கடைசியில் நிதிஷ்தான், பழக்கமில்லாத பழக்கமாக, ஒரு யோசனை சொன்னான். பூ யாமினி சொல்கிற பூவாக இருக்கட்டும், மாலையை ஆன்ட்டி கட்டட்டும். யாமினிக்கும் அது பிடித்துப்போனது. புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயைப் பொந்துவாஸுக்கு அப்பாலிருந்த ஒரு பூந்தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

தோட்டக்காரி ஆரெலி சேற்றுச் சப்பாத்தோடு வந்து கைகொடுத்தாள். கொட்டிலுக்குள் லாவெண்டரும் கோதுமைக் கதிரும் கட்டுக்கட்டாகத் தலைகீழாய்த் தொங்கின. நடுவில் செம்மஞ்சளும் கருஞ்சிவப்புமாக ஒரு பூ. பெயர் இம்மோர்த்தெல், அதாவது சாகாதது. தொட்டால் கடதாசியைப் போலச் சரசரத்தது. ராஜலட்சுமி ஒன்றைப் பிய்த்து மூக்கருகே பிடித்தாள். மணமில்லை என்றாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு யாமினி ஒரு பெட்டி நிறைய வாங்கிவந்தாள்.

கட்டத் தொடங்கியபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. முடிச்சுப் போட்டால் காம்பு முறிந்தது, இறுக்கினால் இதழ் கொட்டியது. ராஜலட்சுமி நாலைந்து தரம் குலைத்துவிட்டு, கடைசியில் ஒவ்வொரு பூவாக அடியில் ஊசி ஏற்றிக் கோத்தாள். இடைக்கிடை கதிர் செருகினாள். நல்லசிவம் எட்டிப் பார்த்து என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, வைக்கோல் கட்டுகிறேன் என்றாள். ஆனால் மல்லிகைக்குக்கூடப் பார்க்காத பக்குவமெல்லாம் அந்த வைக்கோலுக்குப் பார்த்தாள். நிறம் ஒத்துவராத பூவைக் கழற்றித் திரும்பக் கோத்தாள். இரண்டு மாலைகளும் முடிந்ததும் சுவரில் மாட்டி, தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னால் நடந்த கூத்து நடந்திருக்காது. சொல்லவில்லை. திட்டுவதற்கு ஆயிரம் வாய் உள்ளவர்களுக்கு மெச்சுவதற்கு ஒன்றுகூட வாய்ப்பதில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் மாலைகளைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடையைப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ராஜலட்சுமி பெட்டியில் வைத்தாள். பிறகு, எல்லாக் கல்யாணங்களுக்கும் செய்வதைப் போலவே, வாளிக்குள் கையை விட்டு மாலைகளின் மேல் தாராளமாகத் தண்ணீர் தெளித்தாள். ஈரத்துணியால் மூடினாள். பூ வைக்கும் குளிர்ப்பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

விடிந்ததும் தாய், தகப்பன், மகள் மூவரும் மாலைகளை எடுக்கக் கடைக்கு வந்தார்கள். யாமினி தலைக்கு முழுகி, ஜீன்ஸோடு வந்திருந்தாள். அங்கிருந்து நேரே எபினேயிலுள்ள கல்யாண மண்டபத்துக்குப் போனால், அலங்காரக்காரி அங்கே காத்திருப்பாள். ராஜலட்சுமி பெட்டியை வெளியே எடுத்துத் துணியை விலக்கினாள். விரிந்த பூ என்று ஒன்றும் இல்லை. அத்தனை இம்மோர்த்தெலும் இறுக மூடிக் கறுத்த மொட்டுகளாகக் கிடந்தன. கதிர்கள் துவண்டு தொங்கின.

யாமினிக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வரும். அன்று தமிழ் வந்தது. நல்லசிவம் பயந்துபோய், வேனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

"வேணுமெண்டுதானே செய்தனீங்கள், அம்மா?"

வைக்கோல் என்றதும் செத்தவீடு என்றதும் ராஜலட்சுமியின் வாய்தான். அதையெல்லாம் கேட்ட எவரும் வேறு முடிவுக்கு வரமாட்டார்கள். பெற்ற தாயே மாலையைக் கெடுத்தாள் என்ற நினைப்போடு பிள்ளை மணவறையில் ஏறப்போகிறது. முகூர்த்தத்துக்கு வேறு மாலை தேடிவிடலாம், இந்த நினைப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

யாமினி ஆரெலிக்குப் போன் எடுத்தாள். ஆரெலி சிரித்தாள். அந்தப் பூ செடியில் நிற்கும்போதே மழைக்கு மூடும், வெயிலுக்குத் திறக்கும், இளஞ்சூட்டில் உலர்த்தினால் சரியாகிவிடும் என்றாள். பக்கத்துச் சலூன்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார். அவரிடம் தலைமயிர் உலர்த்தும் மெஷின்கள் இரண்டை இரவல் வாங்கினார்கள். ஆருக்குத் தலை என்று கேட்டார். மாலைக்கு என்றதும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தாயும் மகளும் ஆளுக்கொரு மாலையை மடியில் பரப்பிக்கொண்டு, முகம் பார்க்காமல் சூடுகாற்று அடித்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பூ ஓரத்தில் இதழ் விட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ராஜலட்சுமி மெஷினின் இரைச்சலுக்கு மேலாக, மாலையைப் பார்த்தபடியே பேசினாள்.

"வைக்கோல் எண்டு நினைச்சிருந்தால் அப்பிடியே விட்டிட்டுப் போயிருப்பன், பிள்ளை. குப்பைக்கு ஆர் தண்ணி தெளிக்கிறது? பூ எண்டபடியால்தான் தெளிச்சனான்."

யாமினி தன் மெஷினை நிறுத்தினாள். கடைக்குள் பாதி இரைச்சல் குறைந்தது. மாலையையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே நல்லசிவம், போலீஸ்காரன் வருகிறான், வேனை எடுக்க வேண்டும் என்று கண்ணாடியைத் தட்டினார். யாரும் திரும்பவில்லை.

"கோத்தது போக மிச்சப் பூ இருக்கோ?"

"ஓம், கிடக்கு."

"அப்ப அலங்காரக்காரியை வேண்டாமெண்டு சொல்லிவிடுறன். தலைக்கு நீங்களே வையுங்கோ, அம்மா."

யாமினி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தாய்க்கு முதுகைக் காட்டி அதன் மேல் உட்கார்ந்தாள். ராஜலட்சுமி மிச்சப் பூப் பெட்டியை எடுத்துவந்து அவள் பின்னால் நின்றாள். கண்ணைத் துடைத்ததில் இரண்டு கைகளும் ஈரமாக இருந்தன. அவற்றைச் சேலையில் நன்றாக உலரத் துடைத்துவிட்டுத்தான் பூவைத் தொட்டாள்.